செஸ் எண்ட்கேமில் இன்ஜினைச் சோதிப்பது: ரெட்டி நிலை தோல்வியா?

எழிலன்64 (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மூணு வாரமா ஆபீஸ் முடிஞ்சு வந்ததும் எனக்கு இதே வேலைதான். செஸ்ல கஷ்டமான எண்ட்கேம் (காய்கள் குறைஞ்ச கடைசிக் கட்டம்) நிலைகளா முப்பது சேர்த்து வச்சிருக்கேன். செஸ் ஆடற நிரல்கள், அதாவது இன்ஜின்: ஸ்டாக்ஃபிஷ், லீலா, கூடவே பழைய காலத்து இன்ஜின் ரெண்டு. எல்லாத்தையும் ஒரே லேப்டாப்ல ஓட்டறேன். ஒரு நிலைக்கு ஒரு நிமிஷம். சரியான நகர்த்தலைச் சொன்னா ஒரு மார்க், இல்லைன்னா பூஜ்யம். அவ்வளவுதான் என் முறை.

மூணு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணு, அதே இன்ஜின், அதே நிலை, எட்டு திரெட் (ஒரே நேரத்துல இணையா ஓடற தேடல்கள்). முதல் தடவை சில நொடியில விடை வருது, அடுத்த தடவை ஒரு நிமிஷம் ஆகியும் வரலை.

ரெண்டு, ஃபைன் 70-ங்கிற பிரபலமான ராஜா-சிப்பாய் நிலை. பழைய இன்ஜின் உட்பட எல்லாமே உடனே சரியாச் சொல்லிடுது. ரொம்பச் சுலபம்னு பட்டியல்லருந்து எடுத்துடலாமா?

மூணாவதுதான் தூக்கத்தைக் கெடுக்குது. செஸ் ஆட்டக்காரர் ரிச்சர்ட் ரெட்டி 1921-ல வெளியிட்ட நிலை. பலகையில மொத்தமே நாலு காய். வெள்ளை தப்பிச்சு டிரா பண்ணணும்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. ஆனா என்கிட்ட இருக்கற எல்லா இன்ஜினும் வெள்ளை தோல்வின்னு சொல்லுது. டேபிள்பேஸும் (காய் குறைஞ்ச நிலை எல்லாத்துக்கும் முடிவை முன்னாடியே கணக்குப் போட்டு வச்ச தரவுத்தளம்) அதையே சொல்லுது. நான் வச்ச நிலை (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை): வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா பி6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆட வேண்டியது. நூறு வருஷமா எல்லாரும் தப்பாப் படிச்சிருக்கோமா?

---

பழையபலகை

தம்பி எழிலன், புத்தகமும் சரி, இன்ஜினும் சரி. கறுப்பு ராஜா ஏ6-ல் இருக்க வேண்டும். நீங்கள் பி6-ல் வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு கட்டம்தான், ஆனால் டிரா தோல்வியாகிவிட்டது.

பலகையை எடுத்து வைத்துப் பாருங்கள். முதலில் உண்மையான நிலை, கறுப்பு ராஜா ஏ6-ல். வெள்ளை ராஜா ஜி7 போகிறது. சிப்பாய் எச்4. ராஜா எஃப்6. இப்போது இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் கறுப்புச் சிப்பாயைத் துரத்துகிறது, மறுபக்கம் தன் சி சிப்பாயை நெருங்குகிறது. கறுப்பு ராஜா பி6 வந்தால் வெள்ளை ராஜா ஈ5. அங்கேதான் அழகு. கறுப்பு சி6-ஐ வெட்டினால் ராஜா எஃப்4 வந்து, அடுத்து ஜி3, சிப்பாய் பிடிபடுகிறது. வெட்டாமல் எச்3 தள்ளினால் ராஜா டி6, இருவரும் ராணியாக்கிக்கொள்கிறார்கள், டிரா.

இனி உங்கள் நிலை, ராஜா பி6-ல். வெள்ளை ராஜா ஜி7 போன உடனேயே கறுப்பு சி6-ஐ வெட்டிவிடுகிறது. வெள்ளை ராஜா ஜி6, சிப்பாய் எச்4, ராஜா ஜி5, சிப்பாய் எச்3, ராஜா ஜி4, சிப்பாய் எச்2. ராஜா ஜி3 வரும்போது அது ராணியாகிவிடுகிறது. கறுப்பு ராஜா ஏ6-லிருந்து பி6 வரச் செலவழிக்க வேண்டிய அந்த ஒரு நகர்த்தலை நீங்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டீர்கள். ரெட்டியின் நிலை முழுக்க அந்த ஒரு நகர்த்தலில்தான் நிற்கிறது.

முப்பது நிலையையும் மறுபடி சரிபாருங்கள். கையால் காய் வைத்தவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும்.

---

எழிலன்64

ஐயா, உங்க காலைத் தொட்டு நன்றி. ஏ6-ல வச்சேன், எல்லா இன்ஜினும் உடனே 0.00, அதாவது சமம்னு காட்டிடுச்சு. மூணு வாரமா இன்ஜினைச் சந்தேகப்பட்டிருக்கேன். மத்த இருபத்தொன்பதையும் இன்னைக்கே சரிபார்க்கறேன்.

---

நிரல்வண்டு

எழிலன், ஃபைன் 70-ஐத் தயவுசெய்து எடுக்காதீங்க. உங்க பட்டியல்லயே அருமையான நிலை அதுதான். மாத்த வேண்டியது நீங்க மார்க் போடற விதம்.

நிலை தெரியாதவங்களுக்கு: வெள்ளை ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கறுப்பு ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆடி ஜெயிக்கணும். லாஸ்கரும் ரைக்ஹெல்மும் 1901-ல ஆராய்ஞ்சது. 1941-ல வந்த ஃபைனோட எண்ட்கேம் புத்தகத்துல 70-வது எண், அதனால இந்தப் பேரு. விடை ராஜா பி1. அது மட்டும்தான் ஜெயிக்கும்.

இப்ப எண்ணிப் பாருங்க. எந்தச் சிப்பாயும் நகர முடியாது. ஏ1-ல நிக்கிற ராஜாவுக்கு ஏ2, பி1, பி2 மூணே கட்டம். அதாவது கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கற நிரல்கூட மூணு தடவைக்கு ஒரு தடவை உங்ககிட்ட மார்க் வாங்கிடும். பழைய இன்ஜின் "சரியாச்" சொன்னப்ப பக்கத்துல என்ன மதிப்பு (யார் எத்தனை சிப்பாய் அளவு முன்னிலைங்கற எண்) காட்டுச்சுன்னு பாத்தீங்களா? சும்மா அரை சிப்பாய் அளவு காட்டிட்டே பி1 சொல்லியிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியலைன்னு அர்த்தம். சிப்பாய் விழறதைப் பாத்து மதிப்பு ஏறணும், அந்த நகர்த்தலை விட்டு மறுபடி மாறக்கூடாது. அப்பத்தான் தீர்த்துச்சுன்னு எழுதணும்.

இந்த நிலையை இன்ஜின் எழுதறவங்க காலங்காலமா ஹாஷ் டேபிள் சோதிக்கத்தான் வச்சிருக்காங்க. சிப்பாய்கள் பூட்டிக் கிடக்கறதால ரெண்டு ராஜாதான் சுத்துது. வர்ற நிலைகள் சில ஆயிரத்தைத் தாண்டாது. ஆனா அதே நிலைக்கு வெவ்வேறு வழியா லட்சக்கணக்கான தடவை வந்து சேரும். ஏற்கனவே பாத்த நிலையை ஹாஷ்ல ஞாபகம் வச்சிருந்தா ஆழமா சரசரன்னு இறங்கிடும். ஞாபகம் இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் முதல்லருந்து தேடணும், முக்கி முனகும். நான் என் சொந்த இன்ஜினை எழுதினப்ப ஹாஷ்ல ஒரு பிழை. ரெண்டு நாள் தேடியும் கிடைக்கலை, ஃபைன் 70 போட்டதும் பத்து நிமிஷத்துல பிடிபட்டுச்சு.

திரெட் விஷயம்: எட்டு திரெட்டும் ஒரே ஹாஷைப் பகிர்ந்துக்கும். யார் முதல்ல எதை எழுதறாங்கங்கறது ஒவ்வொரு ஓட்டத்துலயும் மாறும். அதனால தேடற மரமே மாறும். ஒப்பிடணும்னா ஒரே திரெட், நொடிக்குப் பதிலா கணு (தேடிப் பாக்கற நிலை) எண்ணிக்கையை வரம்பா வையுங்க, ஒவ்வொரு நிலைக்கும் முன்னாடி ஹாஷைத் துடைச்சிடுங்க. முந்தின தேடலோட மிச்சம் இருந்தா அடுத்த விடை ஓசியில வந்துடும். எட்டு திரெட்தான் வேணும்னா குறைஞ்சது அஞ்சு தடவை ஓட்டி எல்லா முடிவையும் போடுங்க. நல்லதை மட்டும் போடாதீங்க.

---

குட்டிக்குதிரை

அண்ணா, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். "நல் மூவ்" (null move)னு ஒண்ணு இருக்கு, அதனாலதான் இன்ஜின் எண்ட்கேம்ல தப்புப் பண்ணும்னு எங்க கிளப்ல சொன்னாங்க. அது என்ன?

---

நிரல்வண்டு

நல்ல கேள்வி தம்பி. இன்ஜின் நேரத்தை மிச்சம் பண்ண ஒரு குறுக்கு வழி. "என் முறையை நான் விட்டுக்கொடுத்தாக்கூட எதிராளியால என்னை ஒண்ணும் பண்ண முடியலைன்னா, என் நிலை ரொம்ப நல்லா இருக்கு, இந்தக் கிளையை மேல தேட வேண்டாம்." நடு ஆட்டத்துல இது பிரமாதமா வேலை செய்யும், ஏன்னா அங்க நகர்த்தற உரிமை கிட்டத்தட்ட எப்பவும் லாபம்.

ஆனா இதைப் பலகையில வை. வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் டி4. கறுப்பு ராஜா சி4, சிப்பாய் டி5. யார் நகர்த்தணுமோ அவங்க தோத்தாங்க, ஏன்னா ராஜா விலகினதும் சிப்பாய் போச்சு. இதுதான் ஸுக்ஸ்வாங். இங்க "முறையை விட்டுக்கொடுத்தா?"ன்னு கேக்கற இன்ஜினுக்குக் கிடைக்கிற பதில் பொய். அதனால ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கற பக்கத்துக்கு இந்தக் குறுக்கு வழியை அணைச்சிடுவாங்க. ஸ்டாக்ஃபிஷ் ஆழமான தேடல்ல கூடுதலா ஒரு சரிபார்ப்புத் தேடலும் பண்ணும். குதிரையோ பிஷப்போ மிச்சம் இருக்கற ஸுக்ஸ்வாங்லதான் இன்னும் கஷ்டம். எழிலன் பட்டியல்ல அந்த மாதிரி அதிகம் சேர்க்கணும்னு நான் நினைக்கறேன்.

---

தேரடி_ரமா

நான் தபால் செஸ் ஆடுறவள், இப்போது எல்லாம் இணைய வழிதான். இன்ஜின் வைத்து ஆட அனுமதி உண்டு. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, ஒவ்வொரு ஆட்டமும் இதில்தான் முடிகிறது.

எழிலன், நீங்கள் டேபிள்பேஸ் போட்டீர்களா இல்லையா என்பதை ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். ரொனால்ட் டி மான் 2013-ல் கொடுத்த சிஸிஜி டேபிள்பேஸில் ஐந்து காய் வரை 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆறு காய் சுமார் 150 ஜிபி. ஏழு காய் 2018-ல் முடிந்தது, 16 டெராபைட்டுக்கு மேல். ஏழு காயை யாரும் லேப்டாப்பில் வைத்திருக்க மாட்டோம், லிசெஸ் தளத்தில் கேட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஆறு காய் வைத்து ஓட்டியவரின் முடிவையும் ஒன்றுமில்லாமல் ஓட்டியவரின் முடிவையும் ஒரே அட்டவணையில் போட்டால், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதிய பரீட்சையையும் மூடி வைத்து எழுதிய பரீட்சையையும் ஒன்றாகத் திருத்துவது போல.

இன்னொரு விஷயம். சிஸிஜி "எத்தனை நகர்த்தலில் மேட்" என்று சொல்வதில்லை. அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தலுக்கு எவ்வளவு தூரம் என்றே சொல்லும். வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா என்ற விதிக்குள் ஜெயிக்க அதுதான் வேண்டும். ஆனால் இதனால் சில சமயம் நல்ல யானையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வேறொரு ஜெயிக்கும் நிலைக்கு இறங்கும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், தப்பு இல்லை. "மிகச் சிறந்த நகர்த்தல்" என்று ஒன்றை மட்டும் விடையாக வைத்திருந்தால் அங்கே பூஜ்யம் போட்டுவிடுவீர்கள். ஜெயிக்கும் நகர்த்தல் எல்லாவற்றுக்கும் மார்க் கொடுங்கள்.

மனிதர்கள் எழுதிய விடையை அப்படியே நம்பவும் வேண்டாம். இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒரு குதிரை, இதில் குதிரைக்காரர் ஒரு கோட்டை (எதிராளி நுழைய முடியாத தற்காப்பு அமைப்பு) கட்டி டிரா செய்துவிடலாம் என்று கிளிங்கும் ஹோர்விட்ஸும் 1851-ல் சொன்னார்கள். நூற்று முப்பது வருடம் உலகமே நம்பியது. 1983-ல் கென் தாம்ப்சன் கணினியில் முழுதும் கணக்கிட்டபோது பொதுவாக அது ஜெயிக்கும் நிலை என்று தெரிந்தது, அதிகபட்சம் 66 நகர்த்தல். எண்ட்கேம் கலைப் படைப்புகளிலும் இதே கதைதான். வான் டெர் ஹைடன் தொகுப்பில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன, அவற்றில் இரண்டாவது விடை கண்டுபிடிக்கப்பட்டுப் பழுதானவை ஏராளம்.

---

ஆட்டமேஅளவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு மெனக்கெட்டு என்ன பயன்? ஸ்டாக்ஃபிஷில் ஒரு வரி மாற்றினாலும் அதன் சோதனைத் தளமான ஃபிஷ்டெஸ்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். புதிர்களை அதிகம் தீர்க்கும் இன்ஜின் ஆட்டத்தில் தோற்றுப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதிருக்காக இன்ஜினைத் திருப்பினால் சாதாரண நிலைகளில் நேரம் வீணாகும். முப்பது நிலை வைத்துக்கொண்டு எது பெரிய இன்ஜின் என்று சொல்லவே முடியாது.

---

தேரடி_ரமா

எது பெரிய இன்ஜின் என்று சொல்ல முடியாது, அதை நானும் ஏற்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. என் ஆட்டத்தில் இன்ஜின் +3 காட்டிக்கொண்டே இருக்கிறது, முப்பது நகர்த்தலாக அதே +3. எதிராளி கோட்டை கட்டிவிட்டாரா, இன்னும் வழி இருக்கிறதா? அந்த இடத்தில் எந்த இன்ஜினின் சொல்லை நம்பலாம் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆயிரம் ஆட்டத்தின் சராசரி அதைச் சொல்லாது. எச் சிப்பாயும் வெள்ளைக் கட்டப் பிஷப்பும் வைத்துக்கொண்டு, எதிரி ராஜா எச்8 மூலையில் உட்கார்ந்துவிட்டால் ஜெயிக்க முடியாது. குழந்தைக்கும் தெரியும், நான்கு காய் என்றால் டேபிள்பேஸும் சொல்லும். அதே மூலையோடு பலகையின் மறுபுறம் நாலைந்து சிப்பாய்கள் பூட்டிக் கிடக்கட்டும், அப்போது மதிப்பு எவ்வளவு நேரம் கழித்துப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அதைத்தான் நான் சோதிக்கிறேன்.

---

பழையபலகை

ரமா அம்மா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். "கடினம்" என்றால் யாருக்கு? பிஷப்பும் குதிரையும் வைத்து மேட் போடுவது என் மாணவர்களுக்கு மாதக்கணக்கில் வராது. டேபிள்பேஸுக்கு அது அதிகபட்சம் 33 நகர்த்தல். 1970களின் கடைசியில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன், யானைக்கு எதிராக ராணியை வைத்துக்கொண்டு கென் தாம்ப்சனின் டேபிள்பேஸோடு ஆடினார். முதல் முறை 50 நகர்த்தலுக்குள் முடிக்க முடியவில்லை. படித்துவிட்டு வந்து இரண்டாம் முறை சரியாக 50-ல் முடித்தார். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று குகேஷுக்கு எதிரான உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்தில் டிங் 55-வது நகர்த்தலாக யானையை எஃப்2-ல் வைத்தார். மதிப்புக் கம்பி அந்தக் கணமே சரிந்தது. யானையும் பிஷப்பும் வெட்டிக்கொண்டு வெறும் சிப்பாய் ஆட்டமாகிவிடும் என்பது இன்ஜினுக்கு ஒரு கண் இமைப்பு. பல மணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதனுக்கு அப்படி இல்லை. ஆகவே மனிதனுக்குக் கடினமான நிலைகளை இன்ஜின் சோதனையில் சேர்ப்பதில் பயனில்லை.

இன்ஜினுக்குக் கடினமானது வேறு வகை. லினாரெஸ் போட்டி 1998, டோபலோவ் (வெள்ளை) – ஷிரோவ் (கறுப்பு). கறுப்பு ராஜா ஈ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. வெள்ளை ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. ஷிரோவ் பிஷப்பை எச்3-ல் வைத்தார், சும்மா வெட்டிக்கொள் என்று. வெள்ளை வெட்டியது. ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா ஈ4. முடிந்தது. பிஷப் விலகியதால் எஃப்5 வழி திறந்தது, வெள்ளை ராஜா ஈ3 வருவதற்கு ஒரு அடி முன்னால் கறுப்பு ராஜா ஈ4-ல் உட்கார்ந்தது. வெட்டாமல் ராஜாவை எஃப்2-க்கு நகர்த்தினாலும் ராஜா எஃப்5, பிறகு வெள்ளை எஃப்3 வந்தால் பிஷப் ஜி2-ஐ செக்கோடு வெட்டுகிறது. அக்காலத்து இன்ஜின்கள் இதில் திணறின.

---

நிரல்வண்டு

ஏன் திணறுச்சுன்னு நான் சொல்றேன் ஐயா. நகர்த்தல்களை இன்ஜின் முதல்ல வரிசைப்படுத்தும். வெட்டு, செக் எல்லாம் முன்னாடி. ஈடே இல்லாம காயைக் கொடுக்கற நகர்த்தல் வரிசையில கடைசி. கடைசியில நிக்கறதைக் குறைஞ்ச ஆழத்துலதான் தேடும். பிஷப் எச்3-யோட பலன் தெரிய நிறைய ஆழம் வேணும், ஆனா அதுக்குத்தான் ஆழம் குறைச்சலாக் கிடைக்குது. 2020-ல ஸ்டாக்ஃபிஷ் 12-ல என்என்யூஇ-ங்கற நரம்பு வலை வந்ததுக்கு அப்புறம் மதிப்பீடு ரொம்ப மேம்பட்டுச்சு. 2024-ல வந்த 16.1-ல கையால எழுதின மதிப்பீடு மொத்தமாப் போயிடுச்சு. ஆனா தேடல்ல இந்த வரிசை, ஆழக்குறைப்பு எல்லாம் இன்னும் இருக்கு. எழிலன் பட்டியல்ல இந்த வகை அதிகம் வரட்டும்.

---

எழிலன்64

எல்லாரும் சொன்னபடி திரும்ப ஓட்டினேன். ஒரே திரெட், கணு வரம்பு, ஹாஷ் துடைச்சு, டேபிள்பேஸ் போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை. முப்பதுல இன்னும் ரெண்டு நிலை தப்பு. ஒண்ணுல யார் முறைங்கறதையே மாத்திப் போட்டிருந்தேன். இன்னொண்ணுல ஏழு காய்தான், லிசெஸ்ல பாத்தா புத்தகம் சொல்ற நகர்த்தலைத் தவிர இன்னொண்ணும் ஜெயிக்குது. ரெண்டையும் எடுத்துட்டேன். ஷிரோவ் நிலை உள்ள வந்தாச்சு.

ஃபைன் 70-ல நிரல்வண்டு அண்ணன் சொன்னது அப்படியே நடந்துச்சு. பழைய இன்ஜினோட ஹாஷை ரொம்பச் சின்னதாக் குறைச்சு விட்டேன். பி1-தான் சொல்லுச்சு, ஆனா மதிப்பு ஏறவே இல்லை. அந்த நிலையிலருந்து ஸ்டாக்ஃபிஷுக்கு எதிரா ஆடவிட்டேன். சில நகர்த்தல்ல வழி தவறி டிரா ஆயிடுச்சு. என் பழைய அட்டவணையில அதுக்கு ஒரு மார்க் இருக்கு. அந்த அட்டவணையை அழிச்சுட்டேன்.

---

குட்டிக்குதிரை

ஃபைன் 70-ஐ இன்ஜின் இல்லாம ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்தேன். வெள்ளை ராஜா சி4 வந்தா கறுப்பு பி6-ல இருந்தாகணும், இல்லைன்னா பி5-ல நுழைஞ்சிடும். டி3 வந்தா சி7, ஏன்னா அங்கருந்து பி6-க்கும் போகணும், அந்தப் பக்கம் எச்4-க்கு வெள்ளை ஓடினா ஜி6-க்கும் போய்ச் சேரணும். சி3-க்கு பி7. இப்படியே பின்னாடி வந்தா பி2-க்கு ஏ8, பி1-க்கு ஏ7. கறுப்பு ஏற்கனவே ஏ7-லதான் நிக்குது! அப்ப பி1 வச்சதும் கறுப்பு நகராம இருந்தா டிரா, ஆனா நகர்ந்தாகணும். பி2 வச்சா ஏ8-க்குப் போயிடும், அதனாலதான் அது ஜெயிக்கலை. சரியா ஐயா?

---

பழையபலகை

முழுக்கச் சரி. பி1-க்குப் பிறகு கறுப்பு பி7 போனால் வெள்ளைக்கு எந்தக் கட்டம் என்று உன் பேப்பரிலேயே பார்த்துச் சொல்.

---

குட்டிக்குதிரை

சி1. பி7-க்கு ஜோடி அதுதான். அங்கயும் கறுப்புதான் நகர்ந்தாகணும்.